சிப்பி மேட்டின் வெட்டுமுகம்

எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் ஒரு சிப்பி மேடு இருந்தது. இருந்தது என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அதனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

போர்ட் பிளேருக்கு வடக்கே, தீவின் மறுகோடியில் இருக்கும் மாயாபந்தரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். அப்பா தூத்துக்குடிக் கரையில் பிறந்தவர், ஆனால் கடலுக்குப் போகாமல் கொத்து வேலை கற்றுக்கொண்டவர். அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கட்டுவதற்காக ஒரு காண்ட்ராக்டர் இருபது பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேலை முடிந்ததும் மற்றவர்கள் மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்பா மட்டும் ஒரு துண்டு நிலம் பிடித்து, தானே செங்கல் அடுக்கி, தானே பூசி வீடு கட்டி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பிறந்த பிறகு சமையலறை போதவில்லை என்று அம்மா சொல்ல, அதைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டினார். எவ்வளவு இழுத்தார், எந்தக் கல்லைத் தாண்டி இழுத்தார் என்றெல்லாம் அப்போது யாரும் கேட்கவில்லை. தீவில் எல்லோரும் அப்படித்தான் இழுத்துக் கட்டினார்கள்.

அந்தச் சமையலறைக்குப் பின்னால், காடு தொடங்கும் இடத்தில் மேடு நின்றது. அப்பாவின் உயரத்தை விடக் கொஞ்சம் கூடுதல். மேலே செடியும் கொடியும் மூடியிருக்கும். ஒரு மழைக்காலத்தில் அதன் விளிம்பில் நின்ற பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. சாய்ந்தபோது மேட்டின் ஒரு பக்கத்தையும் பெயர்த்துக்கொண்டு போனது. உள்ளே பார்த்தால் முழுக்க முழுக்கச் சிப்பி. அம்மாவுக்கு அது கோழி மேயாத இடம், குழந்தைகள் காலைக் கிழித்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான்.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒரு போட்டி அறிவிப்பு ஒட்டினார்கள். மெயின்லேண்டில் இருக்கும் ஏதோ ஓர் அமைப்பு, இளைஞர்களுக்குத் தொல்லியல் ஓவியப் போட்டி வைத்தது. தொல்லியல் என்ற சொல் எங்களுக்குத் தாஜ்மகாலாகவும் பெரிய கோவிலாகவும்தான் தெரியும். அந்தத் தாளின் மூலையில் சின்னதாக ஒரு படம் போட்டிருந்தார்கள். வேறொரு தீவில் இருக்கும் சிப்பி மேடு, வெட்டிய பக்கம் தெரிய, அடுக்கடுக்காக. கீழே இரண்டு வரி: இந்தத் தீவுகளில் முன்னால் வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பியும் எலும்பும் உடைந்த பானையும் சேர்ந்த குவியல். நான் அந்தப் போர்டின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிற குப்பைக்கு இப்படி ஒரு மரியாதையா என்று இருந்தது.

முதல் பரிசு, மெயின்லேண்டில் ஓர் அகழாய்வு நடக்கும் இடத்தில் இரண்டு வாரப் பயிற்சி முகாம். கப்பல் டிக்கெட் அவர்கள் பொறுப்பு. எனக்கு அதற்கு முன் எதன் மீதும் அப்படி ஆசை வந்ததில்லை. ஆசை என்று மென்மையாகச் சொல்கிறேன், வெறி என்பதுதான் சரி.

விதிமுறைத் தாள் நான்கு பக்கம் இருந்தது. நான் அதை மனப்பாடமே செய்தேன். இதில் அழகாக வரைவதற்கு இடமில்லை. கண்ணால் கண்டதை அளந்து, அளந்ததை மட்டும் வரைய வேண்டும். வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். நிழலைத் தேய்க்கக் கூடாது, புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். அளவுகோல், வடக்குக் குறி, இடத்தின் வரைபடம் மூன்றும் கட்டாயம். எதையும் தோண்டக் கூடாது, எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. ஏற்கெனவே சரிந்து கிடக்கும் முகத்தை வேண்டுமானால் துடைத்துக்கொள்ளலாம். கடைசி விதி தடித்த எழுத்தில் இருந்தது. கற்பனையாக எதையாவது சேர்த்திருப்பது தெரிந்தால் படம் தள்ளப்படும்.

பள்ளியில் ஓவிய டீச்சருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சூரிய அஸ்தமனமும் தென்னை மரமும் வரையச் சொல்பவர் அவர். இது இன்ஜினியர் வேலை, ஓவியம் இல்லை என்று ஹிந்தியில் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் எங்கள் வீட்டில் அளப்பதற்கா ஆள் இல்லை? அப்பாவிடம் போய் நின்றேன். விதிமுறைகளைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல் என்று அவருடைய கருவிகளையே நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. மகள் படிக்கிற படிப்பில் தனக்குத் தெரிந்த ஒரு விஷயம் வந்துவிட்டது என்கிற சந்தோஷம் அது.

தை மாசி மாதங்களில், மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நாங்கள் இருவரும் மேட்டுக்குப் போவோம். அப்பா தன் பூச்சுக்கரண்டியின் ஓரத்தால் சரிந்த முகத்தை மெதுவாக வழித்துவிட்டார். சுவரைப் பூசி முடித்தபின் கடைசியாக ஒரு தடவை இழுப்பாரே, அந்த நிதானம். ஒரு சிப்பி கூட விழவில்லை. முகம் முழுக்கத் தெரிந்தது. மேலே வேர் ஓடிய கறுப்பு மண். அடுத்து நொறுங்கிய வெள்ளைச் சிப்பி. அதற்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல். அதற்கும் கீழே உள்ளங்கை அகலச் சிப்பிகள், நடுநடுவே பன்றி எலும்பு, தடித்த பானை ஓடுகள். ஓடுகளில் சீப்பால் இழுத்த மாதிரி கோடுகள். அடியில் செம்மண்.

"யாரோ வக்கணையா தின்னுருக்காவ," என்றார் அப்பா.

அளவெடுப்பதற்கு ஒரு நிலையான புள்ளி வேண்டும் என்று விதி சொன்னது. இடம் மாறாத ஏதாவது ஒன்று. நான் பலாமரத்தைக் காட்டினேன். மரம் வளரும், சாயும், வேறெதையாவது பார் என்றார் அப்பா. வீட்டு மூலையைக் காட்டினேன். வீட்டுக்கே எது மூலம் என்று சிரித்தார். பிறகு அவரே போய்ச் சமையலறைக்கு வெளியே பக்கவாட்டில், பழைய சுவரும் இழுத்துக் கட்டிய சுவரும் சேரும் ஓரத்தில், தண்ணீர்ப் பானை வைக்கும் இடத்தில், தரையோடு தரையாகப் புதைந்திருந்த கல்லைக் காலால் தேய்த்துக் காட்டினார். அது சர்வேக் கல். "கல்லுலேருந்து எடுட்டி. கவர்மெண்ட் வச்ச கல்லு. அது எங்கயும் போவாது."

கொத்தனாருக்குக் கல்தான் வேதம். எந்த வேலையிலும் முதலில் கல்லைத் தேடுவார், அதிலிருந்துதான் நூல் பிடிப்பார். அந்தப் பழக்கத்தில் சொன்னார். நானும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள், மறுபேச்சு இல்லாமல் அதிலிருந்தே எடுத்தேன். டேப்பின் ஒரு முனையை அப்பா கல்லின் மேல் வைத்துப் பிடித்துக்கொள்வார், நான் மறுமுனையோடு மேட்டுக்கு நடப்பேன். அவர் குனிந்து எண் படித்துச் சொல்வார், நான் கிராஃப் தாளில் குறிப்பேன். இப்படி நாலு ஞாயிறு. இடத்தின் வரைபடத்தில் கல், சமையலறைச் சுவர், பலாமரம், மேடு என எல்லாவற்றையும் போட்டேன். கல்லிலிருந்து சமையலறையின் பின்சுவர் ஒன்பதடி தள்ளி இருந்தது. ஒன்பதடி என்று தெளிவாக எழுதினேன். அப்பா பார்த்தார், தலையாட்டினார். எல்லைக்கு வெளியே ஒன்பதடி என்று அந்த எண்ணை எங்கள் இருவரில் ஒருவர் கூடப் படிக்கவில்லை.

பிறகு புள்ளி வைத்தேன். ஒவ்வொரு சிப்பிக்கும், ஒவ்வொரு ஓட்டுக்கும். பரீட்சைக்குப் படிக்காமல் புள்ளி வைக்கிறாள் என்று அம்மா புலம்பினாள். வீட்டில் அப்போது ஒரே ஒரு பட்டன் போன்தான், அதில் எடுக்கிற படத்தில் மேடும் மாடும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஓடு ஒன்றைக் கூட நான் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. விதி அப்படி. வரைந்த ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே விட்டேன். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை பாருங்கள்.

படத்தைக் குழாய்க்குள் சுருட்டித் தபாலில் அனுப்பினோம். ஆனி முடியும்போது பள்ளிக்குக் கடிதம் வந்தது. என் வயதுப் பிரிவில் முதலிடம். தலைமையாசிரியர் அதைப் பிரேயரில் படித்தார். ஓவிய டீச்சர் வந்து தோளில் தட்டினார். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பாதி தூரம் ஓடினேன், பாதி தூரம் ஒரு டெம்போவில் தொற்றிக்கொண்டேன்.

கடிதத்தில் இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. படத்தில் காட்டியிருக்கும் மேடு இதுவரை பதிவாகாதது போலத் தெரிவதால், பரிசை உறுதி செய்யும் முன் நடுவர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், இடத்தைப் பதிவு செய்வதற்காக நில அலுவலகத்திலிருந்து ஓர் ஊழியரும் கூட வருவார். எனக்கு அது இரட்டிப்புப் பெருமை. நான் அந்தப் பத்தியையும் சேர்த்துத்தான் உரக்கப் படித்தேன்.

அப்பா கடிதத்தோடு வந்த படத்தின் நகலை வாங்கித் தரையில் விரித்தார். முதலில் மேட்டைப் பார்த்தார். பிறகு விரல் கல்லுக்குப் போனது. கல்லிலிருந்து சமையலறைக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. போன வருடம்தான் ஊர் முனையில் ஒரு டீக்கடையை எல்லை தாண்டிக் கட்டியதாகச் சொல்லி மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து இடித்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தோம். அப்பா நகலைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். நல்லது என்று மட்டும் சொன்னார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் இருக்கும் சித்தி வீட்டில் அவள் மகளுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை விழா. மாயாபந்தரிலிருந்து பஸ் ஒரு நாளைத் தின்றுவிடும், போவதாக எங்களுக்கு எண்ணமே இல்லை. அப்பாதான் போய்ட்டு வாங்க என்றார். முகாமுக்குப் போகிற பிள்ளைக்கு நல்ல சுரிதார் வேண்டும், போர்ட் பிளேரில் எடுத்துக் கொடு என்று அம்மாவிடம் சொன்னார். வேலை இருப்பதால் தான் வரவில்லை என்றும் சொன்னார். பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னல் வழியாக எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்தார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு மிட்டாய். நான் அதைத் தின்றுகொண்டே போனேன்.

நான்கு நாள் கழித்து நீல நிறச் சுரிதாரோடு திரும்பினோம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் சேற்றுப் பாதை வெள்ளையாக இருந்தது. கால் வைத்தால் நறநறவென்றது. எனக்கு உடனே புரியவில்லை. பாதைக்குச் சிப்பி போட்டிருக்கிறார்கள், நல்லதாகப் போயிற்று, மழையில் வழுக்காது என்றுதான் முதலில் தோன்றியது. பத்தடி நடந்த பிறகு காலடியில் ஒரு பானை ஓடு கிடந்தது, சீப்பால் இழுத்த கோடுகளோடு. அதற்கு நான் வைத்த புள்ளிகள் இருநூறுக்கு மேல். குனிந்து எடுக்கவில்லை. பையைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

மேடு இல்லை. செம்மண் தரை, அதை மட்டம் தட்டி, மேலே வாழைக்கன்று ஆறு. சர்வேக் கல் இருந்த இடத்தில் புதிதாக ஒரு துவைக்கிற மேடை, சிமெண்ட் இன்னும் ஈரமாக, ஓரங்களெல்லாம் நூல் பிடித்ததுபோல நேராக. அவ்வளவு நேர்த்தியான வேலை அவர் செய்து நான் பார்த்ததில்லை. மூன்று ஆட்களை வைத்து நான்கு நாளில் முடித்திருக்கிறார்.

நான் அழுதேன், கத்தினேன், சுரிதார்ப் பையைத் தூக்கி வாழைக்கன்றுகளுக்கு நடுவே எறிந்தேன். அப்பா மேடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். "வீடு நிக்கணுமா, மேடு நிக்கணுமா? நீயே சொல்லு," என்றார். அது கேள்வி இல்லை, முடிந்துபோன வேலைக்கு ஒரு வியாக்கியானம். அம்மாவுக்கு முன்னமே தெரியும் என்பது அவள் என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனதிலேயே தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீடு என்றால் எனக்கு மட்டும் இளப்பமா? என்னிடம் கேட்டிருந்தால் நானே சரியென்று சொல்லியிருப்பேன். பரிசே வேண்டாம் என்று கடிதம் எழுதிப் போட்டிருப்பேன், அழுதுகொண்டேதான், ஆனாலும் எழுதியிருப்பேன். மேடாவது மேடாக நின்றிருக்கும். என்னை ஆளாக மதித்து உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம். மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார். அது எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த புதன்கிழமை ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். நடுவர் ஒரு நடுத்தர வயதுப் பெண், காட்டன் சேலை, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. கூட வந்த நில அலுவலக ஊழியர் கையில் ஒரு ரெஜிஸ்டர். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வயதில் இப்படி ஒரு வெட்டுமுகத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று ஹிந்தியில் சொன்னார். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று சிறு பிள்ளை மாதிரி என்னை இழுத்தார். நான் முன்னால் நடந்தேன். பின்பக்கம் வந்ததும் வாழைக்கன்றுகளைப் பார்த்தார், கையில் இருந்த என் படத்தைப் பார்த்தார். பலாமரம் படத்தில் இருந்த இடத்தில்தான் நின்றது. மேடு எங்கே என்று கேட்டார்.

மழை கரைத்துவிட்டது என்று அப்பா சொல்லப்போகிறார் என நினைத்தேன். அல்லது தெரியாமல் பாதைக்குப் போட்டுவிட்டோம் என்று. எதுவானாலும் நான் வாயை மூடிக்கொண்டு நிற்பதாகத்தான் மனதில் இருந்தது. ஆனால் அப்பா என்னை விட யோசித்திருந்தார். மேடு நிஜமென்றால் படம் நிஜம். படம் நிஜமென்றால் கல்லிலிருந்து எடுத்த ஒன்பதடியும் நிஜம். ரெஜிஸ்டரோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார், கூச்சத்தோடு சிரித்தார்.

"பச்சி ஹை, மேடம். மன் சே பனாயா. ஐஸா குச் நஹீ தா இதர்."

சின்னப் பெண், மனதிலிருந்து வரைந்துவிட்டாள், இங்கே அப்படி எதுவும் இருந்ததில்லை. நாலு ஞாயிறு டேப் பிடித்த மனுஷன் சொல்கிறார். எண்களை எனக்குப் படித்துச் சொன்ன வாயால் சொல்கிறார். ஹிந்தியில் சொன்னதால் அது யாரோ வேற்றாள் சொல்வது போலவும் இருந்தது.

அந்த அம்மா உடனே நம்பவில்லை. முன்பக்கம் பாதையில் சிப்பி கிடக்கிறதே என்று கேட்டார். அது கப்பல் நிற்கும் ஜெட்டிப் பக்கமிருந்து டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியது என்றார் அப்பா. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்பா சொன்னது அவருக்குப் போதவில்லை, என் வாயிலிருந்து வர வேண்டும். படத்தை நீட்டி, பேட்டா, உண்மையைச் சொல், பார்த்து வரைந்தாயா, மனதிலிருந்து வரைந்தாயா என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்திருந்தால், கண்ணாலாவது காப்பாத்து மக்கா என்று கேட்டிருந்தால், நான் அந்தப் பொய்யைச் சந்தோஷமாகவே சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. அவர் பார்வையெல்லாம் ரெஜிஸ்டர்க்காரர் மேலேயே இருந்தது. சமையலறை வாசலில் அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"மன் சே," என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் இப்போதும் வரைந்து காட்ட முடியும். கோபம் இல்லை. ஏமாந்துபோன முகம். ஒரு தாள் கொடுத்து, மேட்டை நேரில் பார்க்கவில்லை, கற்பனையாக வரைந்தேன் என்று எழுதச் சொன்னார். துவைக்கிற மேடையின் மேல் தாளை வைத்து எழுதினேன். என் கைக்கு அடியில், சிமெண்டுக்கு உள்ளே, அந்தக் கல் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது அவர் எனக்கு ஒரு புத்திமதி சொன்னார். கைத்திறன் கடவுள் கொடுத்தது, நேர்மை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டியது என்று. எங்கள் அப்பாவும் பக்கத்தில் நின்று பவ்யமாகத் தலையாட்டினார்.

பள்ளியில் நடந்ததை நீட்டி முழக்க விருப்பமில்லை. பிரேயரில் படித்த கடிதத்துக்குப் பதிலாக இன்னொரு கடிதம் வந்தது, அதையும் பிரேயரில்தான் படித்தார்கள். பள்ளிப் பெயரைக் கெடுத்தவள் என்று ஓவிய டீச்சர் கிளாஸிலேயே சொன்னார். முகாமுக்கு, போட்டியில் எனக்கு அடுத்த இடம் வாங்கியிருந்த என் வகுப்பு வங்காளிப் பெண் ஒருத்தி போனாள். அவள் ஒரு மண் விளக்கை வரைந்திருந்தாள், நன்றாகத்தான் வரைந்திருந்தாள். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள், அது அவளுடைய நல்ல குணம்.

வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. தினமும் அந்தச் சிப்பிப் பாதையில் நடந்துதான் பள்ளிக்குப் போனேன். மழையில் ஒவ்வொரு ஓடாக வெளியே வரும், டெம்போ ஏறி நொறுங்கும். இரண்டு வருடத்தில் எல்லாம் பொடியாகி மண்ணோடு போய்விட்டது. பிறகு அதன்மேல் காங்கிரீட் போட்டார்கள்.

அப்பா மட்டும் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். யாராவது வீட்டுக்கு வந்தால், எம்பிள்ளைக்குக் கற்பனை சாஸ்தி என்று ஆரம்பிப்பார். இல்லாத மேட்டை இருக்குதென்று வரைந்து டெல்லிக்காரங்களையே ஓட ஓட வரவழைத்துவிட்டாள் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். முதல் வருடங்களில் அது எனக்காகச் சொல்லும் சமாதானம், அவமானத்தைப் பெருமையாக மாற்றப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போகப் போக அந்தக் கதையில் புதுப்புது விஷயங்கள் சேர்ந்தன. நான் ராத்திரி பகலாக அறைக்குள் உட்கார்ந்து வரைந்தேனாம். என்னத்தட்டி வரையுத என்று அவர் கேட்டாராம், நான் சொல்லவே மாட்டேன் என்றேனாம். டேப், ரசமட்டம், ஞாயிற்றுக்கிழமை எதுவும் அதில் கிடையாது.

நான் டிப்ளமோ படித்து, இப்போது கராச்சர்மாவில் வாடகைக்கு இருந்துகொண்டு, டவுனில் ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் வரைகிறேன். கம்ப்யூட்டர் வேலை. அளவு தப்பாத கை என்று அங்கே ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர் மேல் கொஞ்சம் கூடுதலாகவே பிடிவாதம் உண்டு. யாராவது இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சுருக்கென்று கோபம் வந்துவிடும், காரணம் அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் அப்பா கண் ஆஸ்பத்திரிக்காக வந்து என்னோடு ஒரு வாரம் தங்கினார். வந்த அன்றே பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். பட்டா. எங்கள் பக்கம் பழைய வீடுகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள், எங்களுக்கும் வந்துவிட்டது. சமையலறை, துவைக்கிற மேடை, அதற்குப் பின்னால் வாழை நின்ற இடம் எல்லாமே உள்ளே வந்துவிட்டது. இனி அதை யாரும் இடிக்க முடியாது. அப்பா தாளைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இனிமேல் பயம் இல்லையே என்று. பதிமூன்று வருடமாக ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. ஊருக்கு முன்னால் வேண்டாம், டீச்சரிடம் வேண்டாம், எனக்கு மட்டும் சொன்னால் போதும். ஆமா, இருந்துச்சு. அவ்வளவுதான். காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அந்தச் சிப்பி மேட்டைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த மேடு?" என்றார் அப்பா.

சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரம் விழுந்தது, கரண்டியால் முகத்தை வழித்தது, டேப்பின் முனையைக் கல்லில் வைத்துப் பிடித்தது, வக்கணையாகத் தின்றிருக்கிறார்கள் என்று அவர் சொன்னது. குரல் உயர்ந்துவிட்டது எனக்கு. அவர் பொறுமையாகக் கேட்டார். நீ எழுதிக் கொடுத்தியே மக்களே, மனசாலதான் வரைஞ்சேன்னு, என்று ஞாபகப்படுத்தினார். திட்டவில்லை, மிரட்டவில்லை. உடம்பு சரியில்லாத பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார். அவர் முகத்தில் பொய்யைத் தேடினேன். ஒரு பொய் அகப்பட்டிருந்தால் கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அலுவலகத் தாள் ஒன்றை இழுத்துப் பேனாவால் வரைய ஆரம்பித்தேன். எனக்கு எந்த அளவும் மறக்கவில்லை. மேலே வேர் ஓடிய கறுப்பு மண், நொறுங்கிய சிப்பி, இரண்டு விரல் சாம்பல், பெரிய சிப்பிகள், பன்றித் தாடை கிடந்த இடம், கோடு போட்ட ஓடுகள் கிடந்த மூன்று இடங்கள், செம்மண். பக்கத்தில் அளவுகோல். கீழே கல், கல்லிலிருந்து சுவருக்கு ஒன்பதடி. புள்ளி வைக்கப் பொறுமை இல்லை. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அப்பா கண் மருந்து விட்ட கண்களைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கொத்தனார் பார்வை, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு அடுக்காக. சாம்பல் கோட்டின் மேல் விரலை வைத்து மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அவருக்குப் படம் பிடித்திருந்தது. முகம் மலர்ந்தது.

"அடேயப்பா," என்றார். "நெசமாவே பாத்து வரைஞ்ச மாதிரில்லா இருக்கு."